ஆறு போய் ஏழு வந்தது

ஓவியர் வொபேர் வீட்டு வேலைக்காரி லியோந்தீனுக்கு வாய் நீளம்தான். ஆனால் எண்ணத் தெரியும். காலையில் அவள் தோட்டத்துக்குச் சுமந்துபோவது ஆறு ஓவியங்கள். எல்லாம் ஒரே பூப்பாத்திதான்; ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மணி நேரத்து வெயில். வெயில் மாறினால் வொபேர் அடுத்ததை எடுப்பார். அன்று மாலை அவள் திரும்பச் சுமந்துவந்தது ஏழு.

"யார் வீட்டுப் படத்தைத் தூக்கிட்டு வந்தே?" என்று கத்தினார்.

"உங்க பூ, உங்க கையெழுத்து. வரைஞ்சதை மறந்துட்டு என்னைத் திருடிங்கிறீங்களா, ஐயா?"

"அப்போ இது எத்தனை மணி வெயில்? நாளைக்குள்ள சொல்லலைன்னா மூட்டையைக் கட்டு!"

ஏழாவது படத்திலும் பாத்தியின் அதே நீல ஐரிஸ் பூக்கள்தான். இதழ்களின் வலப்பக்கம் வெயில். தரையில் நிழலும் வலப்பக்கமே.

மறுநாள் முழுக்க அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு பூப்பாத்தி முன்னால் நின்றாள். அடுப்பில் சூப் தீய்ந்தது. எந்த மணியும் பொருந்தவில்லை. கோயில் மணி ஐந்து அடித்தது.

"கிடைச்சுதா, மகராசி?" என்று ஜன்னலிலிருந்து எகத்தாளமாகக் கேட்டார் வொபேர்.

"அஞ்சு மணி. வந்து பாருங்க" என்றாள் எரிச்சலாக.

பூக்களின் நிழலெல்லாம் சூரியனை நோக்கி நீண்டு கிடந்தது. வொபேர் இறங்கி வந்து பார்த்தார், தூரிகையை எடுத்தார், முகத்தைச் சுளித்தார்.

"தள்ளி நில்லுடி. உன் நிழல் ஒண்ணுதான் தப்பா விழுது."