ஒரு கூட்டல் குறி

“நீங்க தப்பா அமுக்கியிருப்பிய எக்கா. நம்ம வெப்சைட்டுல அப்படி வராது” என்றான் அபினேஷ். கருங்கல்லில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். ரத்தம் கொடுக்க முன்வருபவர்களைத் தேடித் தரும் அந்த வெப்சைட், அவன் எழுதியது.

எதிரே ரெக்ஸலின். கடியப்பட்டணத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

“எனக்க மாப்பிளைக்கு ஓ பாசிட்டிவ். ஆப்பரேசனுக்கு ரத்தம் கொடுக்க ஆளு கூட்டிட்டு வரச் சொன்னாவ. எங்க ஊரு ஆம்பளையெல்லாம் கடல்ல கெடந்தாவ. ஒனக்க வெப்சைட்டுல தேடினேன். ஒருத்தரும் இல்லன்னு வந்துது.”

“ஜில்லாவுல ஓ பாசிட்டிவ் இல்லாமலா?” அவனே தேடினான். ‘யாரும் இல்லை’ என்றது திரை.

ஓ நெகட்டிவ் போட்டுப் பார்த்தான். உடனே பெயர்கள் வந்தன. திரையின் உச்சியில் இருந்த இணைய முகவரியை உற்றுப் பார்த்தான்.

“சே! தேடுற குரூப் இந்த முகவரியிலதான் போவும். அதுல கூட்டல் குறியை அப்படியே விட்டா, சர்வர் அதை வெறும் இடைவெளின்னு எடுத்துக்கிடும். ஓ பிளஸ் அங்க போய் வெறும் ஓ ஆயிருக்கு. அப்படி ஒரு குரூப்பே கெடையாதுல்லா? குறியை வேற எழுத்தா மாத்தி அனுப்பியிருக்கணும்.”

“அப்போ நெகட்டிவ் மட்டும் எப்படி வந்துது?”

“கழித்தல் குறிக்கு ஒண்ணும் ஆவாது எக்கா. கெடைக்கக் கஷ்டமான குரூப்னு நானும் அதை மட்டுந்தான் சோதிச்சேன்.”

“திருத்த ஏலுமா?”

“இப்பவே!”

ஒரே ஒரு வரி. மாற்றிவிட்டு மறுபடி தேடினான். அகர வரிசையில் பெயர்கள் திரை கொள்ளாமல் இறங்கின. தக்கலை, குளச்சல், திங்கள்சந்தை...

“இவ்வளவு பேரா?” என்றாள் ரெக்ஸலின். கைப்பேசி மடியிலேயே கிடந்தது. யாருடைய எண்ணையும் அவள் குறித்துக்கொள்ளவில்லை.

“முதல் பேரே நாந்தான் எக்கா!” பைக் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான் அபினேஷ். “வாங்க, எந்த ஆசுபத்திரி? நானே வந்து கொடுக்கேன்.”

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. திரையிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

“ஆளு இருந்துதா, இல்லியான்னு அறியத்தான் வந்தேன் மக்கா” என்றாள். “அவியள அடக்கம் பண்ணி ஒரு வாரம் ஆச்சு.”