கிளட்ச் இல்லாத கார்

என் அக்கா வடிவுக்கு அநியாயம் செய்தவர் மாஹிம் மெக்கானிக் ஹனீப் பாய். ஒரு கயிற்றைக் கட்டி, காரோடு சேர்த்து அவள் கல்யாணத்தையும் இழுத்துக் கவிழ்த்துவிட்டார்.

மாப்பிள்ளை நெல்லையப்பன், திலக் நகர். “வரதட்சணை என்கிற பேச்சே கூடாது” என்றார்கள். அப்பாவின் பழைய அமெரிக்கக் காரை மட்டும், சும்மா ஆசைக்கு, கேட்டார்கள். கிளட்ச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் கார். அப்பாவும் அதை அக்கா பெயருக்கு எழுதி வைத்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அக்காவும் தாணாவிலிருந்து வரும்போது கார் நடுவழியில் நின்றுவிட்டது. ஹனீப் பாய் லாரியோடு வந்தார். வெயில் தாங்காமல் அப்பா டீக்கடைக்குள் போய்விட, அக்காதான் காருக்குப் பக்கத்தில் நின்றாள். கயிறு கட்டி மாஹிம் வரைக்கும் இழுத்து வந்தார்கள்.

மறுநாள் பாய் வீட்டுக்கே வந்தார். “கியர் பாக்ஸ் எரிஞ்சு போச்சு அண்ணாச்சி. இனிமே வண்டி ஓடாது.”

சேதி திலக் நகருக்குப் போனது. சாயங்காலமே அங்கிருந்து ஆள் வந்தார். “ஜாதகத்தை இன்னொரு தடவை பாக்கணுமாம்.”

அம்மா அழுதாள். அப்பா கடை திறக்கவில்லை. அக்கா மட்டும் அழவே இல்லை. அதிர்ச்சி என்று நினைத்தோம்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் கல்லூரி பிரின்ஸிபாலின் டிரைவரிடம் விசாரித்தேன்.

“அந்த மாதிரிக் காரை அப்படியே இழுக்கவே கூடாதும்மா. பின்சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டை, அந்த நீளமான இரும்புத் தண்டை, கழட்டிட்டுத்தான் இழுக்கணும். இல்லேன்னா கியர் பாக்ஸ் எரிஞ்சு போகும். எந்த மெக்கானிக்குக்கும் தெரியுமே!”

அப்படியானால்? அக்காவை இழுத்துக்கொண்டு மாஹிமுக்குப் போனேன்.

“ஷாஃப்ட்டைக் கழட்டாம ஏன் பாய் இழுத்தீங்க?”

அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “தப்புதான் தங்கச்சி.”

“தெரியாம செஞ்ச தப்பா, தெரிஞ்சே செஞ்ச தப்பா?”

அவர் ஒரு ஸ்பானரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

மூலையில் சாக்குப் போட்டு மூடி, நீளமாக ஏதோ கிடந்தது. சாக்கை உருவினேன். ஷாஃப்ட்!

“ஓஹோ! இழுக்கும்போது கழட்ட நேரமில்ல, விக்கதுக்கு மட்டும் நேரம் இருக்கோ? வண்டியைப் பாழாக்கி, பார்ட் பார்ட்டா, திருட்டுச் சாமான் விக்கிற சோர் பஜார்ல தள்ளப் பாத்தீங்களா?”

“அல்லா மேல ஆணையா அப்படி இல்ல தங்கச்சி…”

“உங்க ஆணை யாருக்கு வேணும்? எங்க அக்கா வாழ்க்கை போச்சே! நடங்க போலீஸ் சௌக்கிக்கு!”

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். பாய் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். “சரி, வாரேன்.”

“ஏட்டி ருக்கு, நிறுத்துட்டி!”

அக்கா என் கையைப் பிடித்தாள்.

“அவரை விடு. அன்னைக்கு ரோட்டுலயே ஷாஃப்ட்டைக் கழட்டிட்டுத்தான் இழுத்தாரு. இன்னும் மாட்டல, அவ்வளவுதான். கியர் பாக்ஸுக்கு ஒண்ணும் ஆகல.”

“பின்னே எரிஞ்சு போச்சுன்னு எதுக்குப் பொய் சொன்னாரு?”

“நான்தான் சொல்லச் சொன்னேன். திலக் நகர்க்காரங்க கட்டிக்க வாரது என்னையா, காரையான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?”