கரையில் ஓடிய மோட்டார்

மைசூருக்கு வெளியே ஏரிக்கரையில், உச்சி வெயிலில், படகு மோட்டாரைப் பிரிக்கிறான் லோகு. காலையில் நடு ஏரியில் அது சூடேறி நின்றுவிட்டது. "லோகுதான் கண்டபடி முறுக்கிட்டான்" என்று முதலாளியிடம் சொல்லி அவன் வேலைக்கு உலை வைத்த நண்பன் மஞ்சு, பக்கத்தில் குந்தி பாசமாக ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறான். முந்தாநாள் ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் மோட்டார் நெற்றியில் இன்னும் அழியவில்லை. மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்புக்குள் ரப்பர் சக்கரம் அப்பளமாகப் பொரிந்திருக்கிறது. தண்ணீரே இல்லாமல் ஓடினால்தான் இப்படி ஆகும்.

"பூஜையன்னிக்குக் கரையிலயே ஸ்டார்ட் பண்ணியாடா?"

"சாமி சத்தியமா இல்ல, குரு" என்கிறான் மஞ்சு, மைசூர்ப் பையன்கள் நண்பனைக் கூப்பிடும் வழக்கில்.

லோகு போனை நீட்டுகிறான். மஞ்சு அன்று போட்ட வீடியோவில், எலுமிச்சம்பழங்களுக்கு நடுவே, மாலையும் கழுத்துமாக மோட்டார் கரையில் அலறுகிறது. மஞ்சு கற்பூரம் காட்டுகிறான். கீழே ஒரே ஒரு இதயம். லோகு போட்டது.