பருப்பில் கிடந்த வெள்ளைக்கல்

கிரேக்க நாட்டின் பாரோஸ் தீவில், பளிங்குக் குவாரியில் கல்லுடைக்கும் ஸ்தமாதிஸ் ஐம்பது வயதில்தான் எழுத்துப் படித்தான். ஜெயித்தவனுக்குக் கடவுள் ஒரு வெள்ளைக்கல் தருவார், வாங்குகிறவன் மட்டுமே அறியும் புதுப்பெயர் அதில் இருக்கும் என்று பைபிளின் வெளிப்படுத்தல் நூலில் வாசித்திருந்தான்.

"அது மன்னிப்புக்கு அடையாளம்ப்பா. நெசக்கல்லு இல்ல" என்றார் பாதிரியார்.

வெள்ளிக்கிழமை பருப்பு பொறுக்குகையில் ஒரு வெள்ளைக்கல் அகப்பட்டது. அதில் பெயர் இருந்தது. மனைவி அந்தூலாவிடம் நீட்டினான்.

"வெறுங்கல்லுய்யா. பகலெல்லாம் ஒடைச்சது பத்தலையா?"

"எனக்குப் புத்தி பேதலிச்சிருச்சா, அந்தூலா?"

கைநாட்டுக்காரியான அவள், மடியிலிருந்து ஒரு வெள்ளைக்கல்லை எடுத்து வைத்தாள். அவன் கண்ணுக்கு அது வெறுமையாக இருந்தது.

"கல்யாணத்தன்னிக்குக் கெடச்சது. தெனமும் படிப்பேன்."

"என்ன போட்டிருக்கு?"

அவள் நிதானமாகச் சொன்னாள். உதடுகள் அசைந்தன. அவனுக்கு அடுப்பில் தண்ணீர் கொதிப்பது மட்டும் கேட்டது.