சைல்டு லாக்

பழைய காரின் பின்கதவைத் திறந்துவைத்து, இறுகிக் கிடந்த சைல்டு லாக்கில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான் சோலை.

எதிர்வீட்டு ஆனிமேரி டீச்சர் நின்று பார்த்தார்.

"சைல்டு லாக்கா தம்பி? வீட்ல விசேஷமா?"

கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவனுக்குக் குழந்தை இல்லை. சோலை தலைநிமிராமல் ஸ்குரூடிரைவரால் நெம்பினான். லாக் நகர்ந்தது.

"முனீஸ்வரி, உள்ள உக்காந்து தொறந்து பாரு."

அவன் மனைவி பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. சோலை வெளியிலிருந்து திறந்துவிட்டான். அவள் இறங்கி வீட்டுக்குள் போனாள்.

"உங்களுக்காக எம்புட்டு நாளா ஜெபம் பண்றேன் தெரியுமா?" டீச்சரின் கண் கலங்கியது. "அதுக்குள்ள இம்புட்டுக் கவனமா?"

"போன வாரம் ரிங் ரோட்ல ஓடுற வண்டில கதவத் தொறந்துட்டாரு டீச்சர்."

"யாரு?"

முனீஸ்வரி தன் மாமனாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, சோலை கதவைச் சாத்தினான்.

அவர் கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு, முன்னால் ஏறி உட்கார்ந்த சோலையின் தோளைத் தொட்டார்.

"அண்ணே, என்னைய எறக்கி விட்ருங்கண்ணே. வீட்ல எம் மகன் தேடுவான்."