அசையாத புள்ளிகள்

மஹிமாவின் போன் கல்லூரி லைப்ரரியில் படித்துக்கொண்டிருந்தது. மஹிமா கொல்கத்தா லேக் கார்டன்ஸ் பக்கத்தில் ஒரு பழைய தியேட்டரில் மேட்னி ஷோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனுக்குத் துணை, தோழி மேக்னா. கூலி, ஒரு எக் ரோல்.

எல்லாம் அப்பா ஜம்புநாதன் போட்ட சட்டம். வீட்டில் மூன்று பேர், மூன்று போன், மேப்பில் மூன்று புள்ளி. யார் எங்கே என்று எல்லோருக்கும் எப்போதும் தெரிய வேண்டும். புள்ளி தப்பான இடத்தில் தெரிந்தால் படிப்பு நிற்கும். அப்புறம் கும்பகோணத்தில் பெரியப்பா வீடுதான். அப்பா சொன்னால் செய்கிற மனுஷர்.

கிளம்புமுன் பார்த்துக்கொண்டாள். அப்பாவின் புள்ளி அலிப்பூர் ஆபீசில், ஆணி அடித்த மாதிரி.

திரையில் ஒரு பெண் விடுதிச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தாள். வெகுநேரமாக ஏறுகிறாள். வங்காளப் படம், அவசரப்பட மாட்டார்கள்.

அப்போதுதான் மாவடு வாசனை வந்தது.

கொல்கத்தாவில் மேட்னி ஷோவில் மாவடு கடிக்கிற ஆள் ஒருவர்தான் இருக்க முடியும். அதே மாவடு, அதே தயிர்சாதம், அவள் பையிலும் இருந்தது.

இரண்டு வரிசை முன்னால், மடியில் டிபன் பாக்ஸோடு, தன்னந்தனியாக அப்பா. சுவரேறுகிறவள் விழுந்துவிடுவாளோ என்று மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

அவர் போன் ஆபீஸ் டிராயரில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் போல.

இடைவேளை. விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

அப்பா எழுந்தார். திரும்பினார். பார்த்தார்.

மஹிமாவின் கண்முன் கும்பகோணம் ரயில் வந்து நின்றது.

"இங்கே யாராவது இருக்காங்களா?"

பெங்காலியில் கேட்டார், முன்பின் தெரியாதவளைக் கேட்பதுபோல. வீட்டில் ஒரு வார்த்தை பெங்காலி வந்தாலே முறைக்கிறவர்.

"இல்லை, உட்காருங்க." அவளும் பெங்காலியிலேயே சொன்னாள்.

நடுவில் ஒரு சீட் விட்டு உட்கார்ந்தார். மீதிப் படத்தை இருவரும் அந்தக் காலி சீட்டோடு சேர்ந்து பார்த்தார்கள். திரையில் சுவருக்கு அந்தப் பக்கம் குதித்தவளுக்கு, போன் பண்ணிப் பேச ஓர் ஆளில்லை. படம் முடிந்ததும் ஆளுக்கொரு வாசல்.

சாயங்காலம், சால்ட் லேக் குவார்ட்டர்ஸில் சாப்பாடு.

"லைப்ரரில கூட்டமா?" அப்பா தட்டைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லப்பா. ரெண்டே பேர்."

ரசம் ஊற்ற வந்த அம்மா நாகலட்சுமி சிரித்தாள். "மத்தியானம் பூரா மேப்பைத்தான் பாத்துண்டிருந்தேன். ரெண்டு பேரும் அந்தண்டை இந்தண்டை நகரலை. என்னமோ துணைக்கு ஆள் இருக்கற மாதிரி இருந்தது."

மஹிமா மேப்பைத் திறந்தாள். மூன்று புள்ளியும் வீட்டில், ஒன்றின்மேல் ஒன்றாக. அம்மாவுடையது அடியில்.

மத்தியானம் அவள் பார்த்தது அப்பாவின் புள்ளியை மட்டும்தான். அம்மாவுடையது எப்போதும் வீட்டில்தான்; பார்க்க அவசியமே வந்ததில்லை.