கட்டாயப்படுத்தியவர் யார்?

வெள்ளைக்காரத் துரையின் முன்னால் மொழிபெயர்ப்பாளர் கபீர் ராவுத்தர் ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்து முடித்தார். மலாயாவின் குளுவாங் தோட்டத்துச் சடையன் சுமத்ராவில் மூன்று வருஷம் ஒப்பந்தக் கூலியாகக் கிணறு வெட்டவேண்டும். குடும்பத்தை அழைத்துப்போகக் கூடாது.

பக்கத்தில் மனைவி கருப்பாயி அழுதுகொண்டிருந்தாள். ஆள்பிடித்துக் கொண்டுவந்த ஏஜெண்ட் சடையனை முறைத்தான்.

“யாராச்சும் கட்டாயப்படுத்துனாங்களா?” என்றார் கபீர். “பயப்படாம சொல்லுப்பா. ஆமான்னா துரை இப்பவே கிழிச்சிடுவாரு.”

“ஆமாங்க.”

“இந்த ஏஜெண்டா?”

“இல்லீங்க, இவதான்.” சடையன் மனைவியைக் காட்டினான்.

கருப்பாயி கைகூப்பினாள். “கிழிச்சிராதீங்க ராவுத்தரே! தோட்டத்துக் காய்ச்சலுக்கு மூணு புள்ளைங்களக் குடுத்தாச்சு. நேத்துகூட கூலிங்க லயத்து வீடுகள்ல ரெண்டு சாவு. இவராச்சும் அக்கரையில பொழைச்சுக் கெடக்கட்டும்.”

“என்ன சொல்கிறான்?” துரை ஆங்கிலத்தில் கேட்டார்.

“சம்மதமாம்” என்ற கபீர், சடையனின் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார்.